ஒரு விரிப்புக்கு இரண்டு தடவை

எங்கள் சலவைக்கூடத்து இஸ்திரி மெஷினுக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் மாமியார். எந்நேரமும் சூடாக இருக்கும், எதைக் கொடுத்தாலும் குறை சொல்லித் திருப்பித் தரும், லேசில் சாகவும் சாகாது. சாகாமல் நான் பார்த்துக்கொண்டேன். அதுதான் என் பிழைப்பு. சம்பளப் பதிவில் மெக்கானிக் என்று இருக்கும். கூடத்தில் எல்லாரும் என்னை வைத்தியர் என்பார்கள்.

மெஷின் என்றதும் ஏதோ கைக்கு அடக்கமான சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்குக் கம்பளி சுற்றிய ஓர் உருளை. அதன் கீழே நீராவியில் காயும் வளைந்த இரும்புத் தகடு. ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரத்தோடு இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் நுழைப்பார்கள். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். தகட்டின் இடது பக்கம் தேய்ந்து குழிந்துவிட்டது. அதைச் செய்கிற கம்பெனியே உலகத்தில் இல்லை, மாற்றுத் தகட்டுக்கு எங்கே போவது? ஆகவே விரிப்பின் இடது பாதி ஈரமாகவே வெளியே வரும். அதைத் திருப்பிப் போட்டு மறுபடி நுழைக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு இரண்டு தடவை. என் தங்கச்சி ஒன்பது வருஷமாக அப்படித்தான் நுழைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடது பக்கத்தைச் சரிக்கட்ட என்னிடம் ஒரு வித்தை இருந்தது. உருளையை இடது பக்கம் அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் இரண்டையும் முறுக்கிவிட்டால் அது குழிக்குள் அழுந்தி உட்காரும், விரிப்பு ஒரே தடவையில் மொறுமொறுவென்று வந்துவிடும். ஆனால் அரை மணி நேரம்தான். அதற்குள் அந்தப் பக்கத்து பேரிங் காய்ந்து ஊளையிடத் தொடங்கும். அதற்கு மேலும் ஓட்டினால் மாமியாருக்கு நிஜமாகவே பாடை கட்ட வேண்டியதுதான். அதனால் யாருக்கும் அதைச் செய்து காட்டியதில்லை, எனக்கு நானே இரண்டு தரம் செய்து பார்த்துக்கொண்டதோடு சரி.

தங்கச்சியும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவளுக்கு ஆகி, புருஷன் மூன்றே வருஷத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது அவர்கள் பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது. எங்களுக்கு வேலை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. பகல் முழுக்கக் குழந்தையை யார் பார்ப்பது? நான்கு மணி நேரப் பஸ் பயணத்தில் நாத்தனார் வீடு இருந்தது. அவளுக்குக் குழந்தை இல்லை. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் விட்டுவிட்டு வந்தோம். கொஞ்ச நாள் மூன்றரை வருஷம் ஆகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்தால் இரண்டு நாளைக்கு அவளிடம் யாரும் பேச முடியாது.

நாத்தனார் கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவளோ தங்கமானவள். இந்த வருஷம் போனில் அவள் சொன்னதிலும் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

"அண்ணி, பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள குட்டியக் கூட்டிட்டுப் போறதுன்னா போயிடுங்க. இல்லேன்னா இங்கயே எங்க பேருல சேர்த்துடறோம். ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. பாதியில வந்து கேட்டா அவளும் தாங்கமாட்டா, நானும் தாங்கமாட்டேன்."

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. பெரியவர் காலமானபின் கூடத்தை எடுத்து நடத்துகிற சின்ன முதலாளி, என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்ட மனிதர் இல்லை, கொஞ்சம் புத்தகம் படிக்கிறவர், அவ்வளவுதான். ஊரின் மறுகோடியில் புதிதாக ஒரு சலவைக்கூடம் திறந்திருந்தார்கள். அதை எப்படியோ உள்ளே புகுந்து பார்த்துவிட்டு வந்து, டீ நேரத்தில் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

"நம்ம மெஷின்ல நாலு பேர் நின்னு மணிக்குத் தொண்ணூறு விரிப்பு. அங்க ரெண்டு பொண்ணுங்க நின்னு நானூறு. அந்த மெஷினே இழுத்துக்குது, தேய்க்குது, மடிச்சும் குடுத்துடுது. அவங்க உங்களவிடக் கஷ்டப்பட்டு வேலை செய்யறாங்கன்னா நினைக்கறீங்க? உட்கார்ந்துக்கிட்டு செய்யறாங்க! எட்டு மணி நேரம் ஆனதும் பையத் தூக்கிட்டுக் கிளம்பிடறாங்க. கூலி உங்க கூலியில ஒண்ணரைப் பங்கு."

"உழைக்கிறது நாங்க, வாங்கறது அவங்களா? நல்லா இருக்கே நியாயம்!" என்றாள் மடிக்கிற அக்கா ஒருத்தி.

"அக்கா, உங்க உழைப்புல பாதி, ஈரமா வந்ததத் திரும்ப நுழைக்கிறதுலயே போயிடுது. எத்தனை பேர் வேர்த்து விட்டாலும் விரிப்பு அவ்வளவுதான் வரும். வர்ற விரிப்புலதானே நான் கூலி குடுக்க முடியும்? அதே மெஷின் நமக்கு வந்துச்சுன்னா எட்டு மணி நேர ஷிப்ட், கூலியும் ஏத்திடறேன். யாரையும் நிறுத்தமாட்டேன். ரெண்டு ஆஸ்பத்திரி நம்மகிட்ட வரக் காத்திருக்கு."

அவ்வளவு நேரம் நீராவிக் குழாயில் சாய்ந்து நின்ற தங்கச்சி நிமிர்ந்தாள். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால், நான் காலை ஷிப்டும் அவள் மாலை ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கலாம். ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதே அவள், குழந்தைக்குக் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் போய் இடம் இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டு வந்தாள். இருக்கிறதாம்.

ஆனால் பணம் முதலாளி கையில் இல்லை. அவர் மனைவியின் அண்ணன் கையில் இருந்தது. அந்த மச்சானுக்கு நிலம் வாங்கி விற்கிற வேலை. ஒரு மனையை விற்ற தொகை கையில் இருந்தது, இதில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நேரில் வந்து பழைய மெஷினைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

அவர் வருவதற்கு முதல் நாள் மாலை முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வைத்தியரே, நாளைக்கு மச்சான் வர்றப்ப நீங்க ஒண்ணும் பண்ணவேண்டாம்."

"புரியலையே."

"மெஷின் நிக்கும்ல? எப்படியும் சங்கிலி ஒரு தடவையாவது கழண்டுக்கும். கழண்டா கழண்டுட்டுப் போகட்டும். நீங்க கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அவரு கண்ணால பார்க்கட்டும்."

"சும்மா நிக்கறதுக்குச் சம்பளமா? வலிக்குமா என்ன!" என்று சிரித்தேன். மனப்பூர்வமாகத்தான் ஒத்துக்கொண்டேன். வீட்டில் தங்கச்சியிடமும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வாயையும் கட்டிக்கோ" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

மறுநாள் பத்து மணிக்கு மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே நடந்தார். கூடத்து வெக்கை முகத்தில் அடித்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மாமியார் சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் சங்கிலியைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே பாதி போன விரிப்பு தகட்டில் ஒட்டிக் கருக ஆரம்பித்தது. நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி முகத்தில் வருத்தம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடித்தார்.

"பாருங்க மச்சான். தினம் இந்தக் கதைதான்."

மச்சான் மெஷினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"மெஷின்ல என்ன கோளாறு? ஆள்ல கோளாறு. இவருதான் மெக்கானிக்கா? நின்னுபோன மெஷின வேடிக்கை பார்க்கறதுக்கா இவருக்குச் சம்பளம் குடுக்கறீங்க? இவன் எல்லாம் ஸ்பேனரப் பிடிச்சுப் பார்த்திருப்பானா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். தங்கச்சி எதிர்ப்பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நானும் நின்றேன், சத்தியமாக நின்றேன். கருகல் வாடை மூக்கில் ஏறியது. என் மெஷின் கண்ணெதிரே வெந்துகொண்டிருக்கிறது, முப்பது வருஷம் இதிலேயே குப்பை கொட்டியவனை ஒருவன் சாவியைச் சுற்றிக்கொண்டே அவன் இவன் என்கிறான்.

"தண்டம்" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் யோசித்ததாக ஞாபகமில்லை. ஸ்பேனரை எடுத்தேன், கீழே படுத்தேன், சங்கிலியைப் பல்சக்கரத்தில் ஏற்றினேன், பெல்ட்டுத் துண்டு ஒன்றை ஆப்பாகச் செருகினேன். மூன்று நிமிஷம். அதோடு நிறுத்தியிருக்கலாமே! பாவி, அதோடு நிறுத்தவில்லை. இடது பக்கம் போய் ஸ்பிரிங் இரண்டையும் முறுக்கினேன். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நுழைங்க" என்றேன்.

விரிப்பு ஒரே தடவையில் வந்தது. சொட்டு ஈரமில்லை, ஒரு சுருக்கமில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நுழைக்கிற பெண்கள் பழக்கதோஷத்தில் திருப்பிப் போட எடுத்தார்கள், வேண்டியிருக்கவில்லை. நான் மச்சானைப் பார்த்து நின்றேன். என்னவோ உலகத்தை ஜெயித்தவன் மாதிரி நின்றேன்.

மச்சான் ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது. என் தோளில் தட்டினார்.

"அடடே, ஆளு சாமானியப்பட்ட ஆளு இல்ல! தப்பா நினைச்சுக்காதீங்க. இப்படி ஒரு ஆள வெச்சுக்கிட்டு எதுக்கு மாப்ள புது மெஷின்? இது இன்னும் பத்து வருஷம் ஓடும்."

அதற்கப்புறம் இருபது நிமிஷம் இருந்தார். டீ குடித்தார். பேரிங் ஊளையிட இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது காரில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் அவர் இருந்திருந்தால்! நான் ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். விரிப்பு பழையபடி பாதி ஈரமாக வந்தது. முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மச்சான் அந்தப் பணத்தில் எங்கள் தெரு முக்கில் வரிசையாக எட்டுக் கடை கட்டினார், வாடகைக்கு விட. இன்றைக்கு வரைக்கும் இரண்டில்தான் ஆள் இருக்கிறது. எங்கள் தெருவில் கடைக்குப் போய் வாங்குகிற நிலையில் யார் இருக்கிறார்கள்?

முதலாளி விடாமல்தான் முயன்றார். பேங்கில் கேட்டார், அடமானம் வைக்க என்ன இருக்கிறது என்றார்கள். நான் மச்சானிடம் நேரில் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். போகவும் செய்தேன். அது அரை மணி நேர வித்தை, ஏமாற்று என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"முதலாளி சொல்லி அனுப்பினாரா? நான் கண்ணால பார்த்தேன்யா. போய் வேலையப் பாருங்க."

மூன்றாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரி எங்களை விட்டுவிட்டது. ஊர்க்கோடிச் சலவைக்கூடம் எங்கள் ரேட்டில் முக்கால் பங்குக்குச் செய்து தருகிறதாம், அதுவும் அன்றைக்கே. முதலாளியும் ரேட்டைக் குறைத்தார். குறைத்ததை எங்கே பிடிப்பது? புது மெஷின் இல்லாத இடத்தில் மனுஷர்கள்தான் இருக்கிறோம். ஷிப்ட் பதிமூன்று மணி நேரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் என்றார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கச்சி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஊர்க்கோடிக்குப் போய் வேலை கேட்டாள். எனக்குச் சொல்லவில்லை, திரும்பி வந்துதான் சொன்னாள்.

"அங்க வெக்கையே இல்லண்ணே. உள்ள ரேடியோ பாடுது, பாட்டு காதுல விழுது. ஒரு பொண்ணு வேலை செஞ்சுக்கிட்டே என்னப் பார்த்துச் சிரிச்சா. நம்ம இடத்துல யாருக்குச் சிரிக்க நேரம்?"

"வேலை?"

"மேனேஜரம்மா மரியாதையா உட்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க. மொத்தமே ஆறு பேர்தானாம். அதுக்கு மேல ஆளு வேண்டாமாம். நம்ம பக்கத்துல இருந்து இதுவரைக்கும் நாப்பது பேர் வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்களாம்."

நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். கேட்பதற்கு வேறென்ன இருந்தது?

பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போது அவள் நாத்தனார் ஊருக்குப் போனாள். குழந்தையை அழைத்து வரவில்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் காப்பாளர் என்ற இடத்தில் நாத்தனார் பெயரை எழுத, பெற்ற தாய் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் மெஷின் முன்னால் நின்றாள்.

"குட்டி எப்படி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நல்லா இருக்கா. வளர்ந்துட்டா. புதுப் பை, புதுச் செருப்பு எல்லாம் காட்டினா." விரிப்பின் மூலையை நீவிக்கொண்டே பேசினாள். "எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்து, 'நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க?'ன்னு கேட்டா. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட மரியாதையாப் பேசணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க போல."

பெற்றவளை ஒரு விருந்தாளி ஆக்கியவன் வேறு யாருமில்லை, நான்தான்.

எட்டு மணிக்குச் சங்கிலி கழன்றது. மெஷின் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரோரம் கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"வைத்தியரே, விரிப்பு கருகுது" என்றாள் மடிக்கிற அக்கா.

"கருகட்டும். கூடமே கருகட்டும். இனிமே இதத் தொடமாட்டேன்."

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். தங்கச்சி என்னிடம் வந்தாள். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"சரி பண்ணுண்ணே."

"எதுக்கு? அன்னைக்குச் சும்மா நிக்கத் துப்பில்லாம உன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டேன். இன்னைக்கு நிக்கறேன், விடு."

"இன்னைக்கு நின்னு என்ன பிரயோசனம்? இது நின்னா ஓட்டல்காரங்களும் போயிடுவாங்க. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை அவளப் பார்க்கப் போறதுக்குப் பஸ்ஸுக்கு என்ன பண்ணுவேன்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னத் திட்டுடி! ஒரு தடவையாவது வாயத் திறந்து திட்டித் தொலையேன்! காறித் துப்பு!" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

அவள் கத்தவில்லை. என் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"திட்டத்தான் நினைச்சேன். பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் நினைச்சேன். முடியல. அன்னைக்கு நீ கீழ படுத்து எழுந்து 'இப்ப நுழைங்க'ன்னு சொன்னியே, விரிப்பு ஒரே தடவையில வந்துச்சே... அந்த ஆளு மூஞ்சியப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்ண்ணே. இவன் எங்கண்ணன்டான்னு இருந்துச்சு. அந்த இருபது நிமிஷமும் எனக்குக் குட்டி ஞாபகமே வரல."

எழுந்து தன் இடத்துக்குப் போனாள். நான் கீழே படுத்துச் சங்கிலியை ஏற்றினேன். அவள் கருகிய விரிப்பை இழுத்து எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, ஓட்டலாம் என்று கை காட்டினாள்.